ஆர்க்கிட் மீட்புப் பெட்டி: எட்டு மாதம் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

சென்ற ஏப்ரல் மாத நடுவில் இணையத்தில் 1,380 ரூபாய் கொடுத்து ஓர் ஆர்க்கிட் மீட்புப் பெட்டி வாங்கினேன். பொங்கல் வாரத்தில் ஒரு நர்சரியிலிருந்து 950 ரூபாய்க்குப் பூவோடு கொண்டுவந்த வெள்ளை ஃபெலனாப்சிஸ் (ஆர்க்கிட்டில் ஒரு வகை) செடி, மார்ச் கடைசியில் பூக்களை உதிர்த்துவிட்டு, தமிழ்ப் புத்தாண்டுக்குள் இலைகள் துவண்டு தொட்டியின் விளிம்பில் படுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தது. வீடு சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளம். செடி இருப்பது கிழக்குப் பார்த்த பால்கனி. வாடிய ஆர்க்கிட்டை முப்பது நாட்களில் மீட்டுவிடலாம் என்று பெட்டியின் மூடியில் அச்சிட்டிருந்தார்கள். இதே பொருட்களை வெவ்வேறு பெயர் ஒட்டி ஐந்தாறு விற்பனையாளர்கள் விற்பதாலும், என் குறைகள் ஏறத்தாழ அவர்கள் அனைவருக்குமே பொருந்தும் என்பதாலும் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை: பக்கவாட்டில் கீற்றுத் துளைகள் கொண்ட ஐந்து அங்குலக் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் தொட்டி, பைன் மரப்பட்டையும் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கலந்த இரண்டு லிட்டர் கலவை, காய்ந்த ஸ்பாக்னம் பாசி ஒரு பொட்டலம், வேர் ஊக்கி என்ற பெயரில் ஐம்பது மில்லி பழுப்புத் திரவம், பூஞ்சைக்கொல்லி என்று மட்டும் எழுதிய ஒரு சிறு பை, ஒரு டப்பா இலவங்கப்பட்டைத் தூள், கீக்கி பசை எனப்படும் கிளைப்புப் பசை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பக்கச் செய்முறைத் தாள். பார்ப்பதற்கு நிறைவான தொகுப்புதான். பொருட்கள் நொறுங்காமல், மூன்றே நாளில் வந்து சேர்ந்தன.

செய்முறைத் தாளிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பெட்டியின் ஆகப் பெரிய பலவீனம் அதுதான். இலை மஞ்சளானால் பூஞ்சைக்கொல்லி தெளிக்கவும், இலை துவண்டால் தினமும் நீர் தெளித்து வாரம் மூன்று முறை தண்ணீர் ஊற்றவும், வளர்ச்சி நின்றால் ஊக்கி கொடுக்கவும் என்று மூன்றே வரிகளில் நோய்க்கணிப்பை முடித்துவிடுகிறது அந்தத் தாள். ஃபெலனாப்சிஸ் செடியைப் பொறுத்தவரை இலை துவள்வது என்பது, உடலுக்குக் காய்ச்சல் வருவதைப் போல, பல காரணங்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி மட்டுமே. தண்ணீர் போதாமல் காய்ந்த செடியின் இலையும் துவளும். தண்ணீர் மிகுந்து வேர் அழுகிய செடியின் இலையும், உறிஞ்சுவதற்கு வேர் இல்லாத காரணத்தால், அதே மாதிரிதான் துவளும். முதல் வகைச் செடிக்கு நீர் ஊற்றினால் பிழைக்கும். இரண்டாவது வகைக்கு ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் போய்விடும். மேலிருந்து பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. மஞ்சள் இலையும் அப்படியே: அடியிலுள்ள ஒரே ஓர் இலை மெல்ல மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயதின் வேலை, மேற்பரப்பில் வெளுத்த திட்டு தோன்றி, பிறகு காய்ந்து, பரவாமல் நின்றுவிட்டால் அது வெயில் சுட்ட தழும்பு, நடுக்குருத்து மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்துவிட்டால் அது குருத்தழுகல். முதல் இரண்டுக்கும் மருந்தே தேவையில்லை. மூன்றாவதற்குப் பெரும்பாலும் மருந்து பலிப்பதில்லை.

எனவே தாளை ஓரமாக வைத்துவிட்டு, செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதுவரை தினமும் இருவேளை துளசிக்கு ஊற்றுவதுபோல் இதற்கும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் அம்மா, “உசுரோட இருக்கற செடிய எதுக்குடா பிடுங்கற?” என்றார். பிடுங்கியதில் தெரிந்தது இது. நர்சரிக்காரர் கொடுத்த பழுப்பு நிறப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் நாரும், அதற்குக் கீழே இறுக்கி அடைத்த பாசியும் இருந்தன. அந்தப் பாசியைப் பிரித்தால், நடுவில், தண்டின் அடிப்பாகத்தைச் சுற்றி, எலுமிச்சம்பழ அளவில் இன்னொரு பாசி உருண்டை ஒரு மெல்லிய வலைக்குள் திணிக்கப்பட்டிருந்தது. திசு வளர்ப்புக் கூடத்திலிருந்து வெளிவரும் நாற்றை முதன்முதலில் நட்ட உருண்டை அது. ஈரத்தையும் காற்றையும் அளந்து கொடுக்கும் பசுமைக்குடிலில் அதனால் கெடுதல் இல்லை. வீட்டில், மேற்பரப்பு காய்ந்துவிட்டதென்று நாம் ஊற்றும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரையும் அந்த உருண்டை பிடித்துவைத்துக்கொண்டு, வெளிப்புறம் காய்ந்த பிறகும் பல நாட்கள் நனைந்தே கிடக்கிறது. விரலால் பிழிந்தபோது குளத்துச் சேற்றின் வாடை வந்தது. பூவோடு வாங்கிய ஃபெலனாப்சிஸ் மூன்று மாதத்தில் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் அடுத்த முறை இந்த உருண்டையைத் தேடிப் பார்க்கலாம்.

வேர்கள் பதினொன்று இருந்தன. வேரைச் சோதிக்கும் முறை எளிது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்த வேண்டும். உயிருள்ள வேர் முருங்கைப் பிஞ்சுபோல் திண்ணென்று நிற்கும். அழுகிய வேர் நசுங்கும். இழுத்தால் மேலுறை பழத்தோல்போல் வழுக்கிக்கொண்டு வர, உள்ளே நூல்போன்ற ஒரு நரம்பு மட்டும் கையில் நிற்கும். இந்த மேலுறைக்கு வெலமன் என்று பெயர். இறந்த செல்களாலான பஞ்சு போன்ற அடுக்கு அது. மரக்கிளையில் தொற்றி வாழும் இச்செடி, மழை பெய்யும் சில நிமிடங்களில் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு. காற்றோட்டமில்லாமல் நாள்கணக்கில் நனைந்து கிடப்பதற்காக அது அமையவில்லை. என் செடியில் ஏழு வேர்கள் நசுங்கின, நான்கு நின்றன. இங்கே ஒரு பிழை செய்தேன்: பழுப்பாக இருப்பதையெல்லாம் வெட்டிவிடவும் என்ற தாளின் வரி மனத்தில் இருந்ததால், அந்த நான்கில் மஞ்சள் பழுப்பாக இருந்த ஒன்றை அழுத்திப் பார்க்காமலே நறுக்கிவிட்டேன். வெட்டுமுகம் வெள்ளைவெளேரென்று இருந்தது. வெளிச்சம் படாமல் வளர்ந்த வேருக்கு அந்த நிறம் இயல்பு என்பது அப்போதுதான் உறைத்தது. ஆக மூன்று வேர்கள். நிறத்தை நம்ப வேண்டாம், விரலை நம்பவும் என்று ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருந்தால் நான்கு வேர்களோடு தொடங்கியிருப்பேன்.

இப்போது பெட்டியிலுள்ள பொருட்களுக்கு வருகிறேன். கொடுத்த காசுக்கு முழு மதிப்புடையது அந்தத் தொட்டிதான். கண்ணாடி நிறத் தொட்டியை அழகுக்கான சங்கதி என்று நினைத்திருந்தேன். உண்மையில் இது நோயறியும் கருவி. ஃபெலனாப்சிஸின் வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி பூசினாற்போல் சாம்பல் நிறத்தில் இருக்கும். நனைந்ததும் வெலமன் ஒளிபுகும் தன்மை பெற்று, அடியிலுள்ள பச்சையம் தெரிந்து, சில நொடிகளில் பச்சையாக மாறும். தொட்டியின் உட்சுவரில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. துளியும் இல்லை, வேரும் சாம்பல் நிறம் என்றால் நீர் ஊற்றும் நாள் வந்துவிட்டது. கிழமையை வைத்து நீர் ஊற்றும் பழக்கத்தை இந்தத் தொட்டி முழுமையாக ஒழித்துவிட்டது. கத்திரி வெயில் காலத்தில் என் பால்கனியில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறையும், ஐப்பசி அடைமழையில் ஒன்பது பத்து நாளுக்கு ஒரு முறையும் வேர் நிறம் மாறியது. வாரம் மூன்று முறை என்ற தாளின் கணக்கு ஒரு பருவத்துக்கும் பொருந்தவில்லை. அம்மாவும் இப்போது சொம்பைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பார்த்து, “இன்னும் பச்சையாத்தான் இருக்கு, நாளைக்கு ஊத்திக்கலாம்” என்கிறார். ஒரே குறை, ஆகஸ்ட் வாக்கில் உட்சுவரில் பச்சைப் பாசி படர்ந்து பார்வையை மறைத்தது. செடிக்கு அதனால் தீங்கில்லை.

கலவையில் பட்டைத் துண்டுகள் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவில், தூளில்லாமல், நன்றாகவே இருந்தன. தேங்காய் மட்டைத் துண்டுகளில்தான் சிக்கல். மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும். ஊறவைத்துக் கழுவாமல் பயன்படுத்தினால், ஏற்கெனவே பாதி இழந்த வேர்களை அந்த உப்பு சுடும். பெட்டியில் இருந்தது கழுவப்பட்டதா என்று அறிய, கரைந்த உப்பு 70 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவுள்ள ஆர்.ஓ. தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் அந்த உப்பளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன். தேநீர் நிறத்துக்கு மாறியிருந்த அந்தத் தண்ணீர் 900-ஐத் தாண்டிக் காட்டியது. மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகே 150-க்கு இறங்கியது. இரண்டு நாள் வேலை. ‘உடனே நடலாம்’ என்ற அறிவிப்பை அந்தப் பையின் மேலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

பாசியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நீண்ட இழைகளாக இருக்க வேண்டியது, உடைந்த துரும்புகளாகவும் தூளாகவும் இருந்தது. ஒரு வேர்கூட மிஞ்சாத செடியைச் சற்றே ஈரமான பாசியோடு ஒளிபுகும் பைக்குள் வைத்து, ஈரக்காற்றில் புதுவேர் விடும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குத் தரமான பாசி வேண்டும். மூன்று வேர் இருந்ததால் எனக்கு அந்த அவசியம் ஏற்படவில்லை. மே மாதத்தில் மேற்பரப்பில் ஒரு கைப்பிடி மட்டும் தூவினேன்.

அடுத்தது பூஞ்சைக்கொல்லிப் பை. இதை நான் பயன்படுத்தவில்லை. வாங்குகிறவர்கள் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் அதன் தரமன்று. உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாததுதான். இந்தியாவில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் விற்கப்படும் எந்தப் பயிர் மருந்தின் பொட்டலத்திலும் வேதிப்பெயர், அளவு, பதிவு எண், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக் குறி ஆகியவை இருந்தாக வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நான்கு நிறங்களை உரக்கடையில் ஏறி இறங்கும் எந்த விவசாயியும் அறிவார். இந்தப் பையில் ஒரு நிறமும் இல்லை. மஞ்சள் கலந்த வெள்ளைத் தூளும், ஒரு தேக்கரண்டி ஒரு லிட்டருக்கு என்ற வரியும் மட்டுமே. சமையலறைக்கு அடுத்த பால்கனியில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், பெயர் தெரியாத தூளைத் தெளிக்க எனக்குத் துணிவில்லை. வேதிப்பெயர் தெரியாவிட்டால் மருந்தைத் தேர்வு செய்யவும் முடியாது. கார்பென்டசிம் என்ற மருந்து பல பூஞ்சைகளை அடக்கும்; ஆனால் ஃபைட்டோப்தோரா, பித்தியம் ஆகிய பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களால் வரும் கரும் அழுகலுக்கு அது பயன்படாது, அதற்கு மெட்டலாக்சில் வகை வேண்டும். பாக்டீரியா அழுகலுக்கு இரண்டுமே உதவாது. என் செடியின் வேரழுகல் காற்றின்மையால் வந்தது. அழுகிய பகுதியை வெட்டி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, புதுக் கலவையில் நட்டதே போதுமான சிகிச்சையாக இருந்தது. நிறுவனத்துக்குப் படத்துடன் மின்னஞ்சல் அனுப்பி, இதில் என்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று கேட்டேன். நான்கு நாள் கழித்து வந்த பதிலில், வேர் ஊக்கியை வாரம் இருமுறை கொடுக்குமாறு சொல்லியிருந்தார்கள்.

அந்த வேர் ஊக்கி கடற்பாசிச் சாறு என்று குப்பியின் பின்புறம் சிறு எழுத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் வளர்க்கப்படும் காப்பாஃபைக்கஸ் பாசியின் சாறு உள்ளிட்ட இத்தகைய திரவங்கள் நம் ஊர் உரக்கடைகளிலேயே கிடைக்கின்றன; ஐம்பது மில்லிக்குக் கொடுத்த விலையில் அங்கே அரை லிட்டர் வாங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சொன்ன அளவில் பாதியாகக் கொடுத்தேன். புதுவேர் வந்தது, அது இந்தச் சாற்றால் வந்ததா, காற்றோட்டத்தால் வந்ததா என்பதை ஒரே செடியை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல இயலாது. உரத்தைப் பொறுத்தவரை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் என்ற நீர்த்த அளவில், அதுவும் ஜூலையில் புதுவேர் நுனி கண்ணில் பட்ட பிறகே தொடங்கினேன். வேரில்லாத செடிக்கு உரம் கொடுப்பது, பத்தியம் இருப்பவருக்குக் கல்யாணப் பந்தி பரிமாறுவதற்குச் சமம்.

கிளைப்புப் பசை இந்தப் பெட்டியில் ஏன் இருக்கிறது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சைட்டோகைனின் என்ற ஊக்கியைக் கொழுப்பில் கலந்து செய்யும் இந்தப் பசையைப் பூந்தண்டின் கணுவில் தடவினால், அங்கே புதுக் கிளையோ குட்டிச்செடியோ தோன்றும். திடமான செடி வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு மகிழ்ச்சி. நோயுற்ற செடியிலோ, மிச்சமிருக்கும் சத்து முழுவதையும் அந்தக் கணுவை நோக்கித் திருப்பிவிடும் வேலை. நான் இதற்கு நேர்மாறாக, இரண்டு மொட்டுகள் மிஞ்சியிருந்த பூந்தண்டை அடியோடு வெட்டினேன். “மொட்டு இருக்கற கொப்ப வெட்டறியே, பாவம்டா” என்று சொல்லி அம்மா அதை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தார். இரண்டு மொட்டும் பழுத்து உதிர்ந்தன.

ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு விபத்து. நான் வெளியூர் போயிருந்த ஐந்து நாட்களும், செய்முறைத் தாள் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்ததால், அதில் சொன்னபடி காலையும் மாலையும் இலைமேல் நீர் தெளிக்கப்பட்டிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால், இரண்டாம் இலையின் அடிப்பகுதியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நீர்கோத்த, கண்ணாடிபோன்ற கரும்பச்சைத் திட்டு. ஓரத்தில் மெல்லிய மஞ்சள் வளையம். மாலைக்குள் அது ஒன்றரை மடங்கானது. ஒரே நாளில் இப்படிப் பரவுவதும், அழுத்தினால் கூழ்போல் அமுங்குவதும் பாக்டீரியா மென்னழுகலின் அடையாளங்கள். காய்ந்து, சுருங்கி, நின்றுவிடும் வெயில் தழும்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த வேகம்தான். திட்டுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து இலையை வெட்டினேன். பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை முதலில் அடுப்புத் தீயில் காட்டியபோது அதன் பிளாஸ்டிக் கைப்பிடி இளகி வளைந்துவிட்டது. பிறகு சவரத் தகடு ஒன்றைத் தீயில் காட்டி முடித்தேன். செடிக்குச் செடி கருவியைத் தீயிட்டோ கிருமிநீக்கியில் நனைத்தோ பயன்படுத்த வேண்டியது கட்டாயம். சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை வெட்டுக்கத்தி வழியாகவே ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகின்றன. அவற்றுக்கு மருந்து கிடையாது. தீயைத் தாங்காத கத்தரிக்கோலை ஆர்க்கிட் கருவி என்று விற்பதை என்னவென்று சொல்வது?

வெட்டிய விளிம்பில் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்தேன். இங்கே அது சரியாக வேலை செய்தது: மறுநாளே வெட்டுமுகம் உலர்ந்து பழுப்புக் கோடாகியது, அழுகல் மேற்கொண்டு நகரவில்லை. ஆனால் தாள் இதை வேர்கள் முழுவதும் தூவச் சொல்கிறது. ஈரத்தை இழுத்து உலர்த்துவதுதான் இந்தத் தூளின் குணம். வெட்டுக்காயத்துக்கு நன்மையாக இருக்கும் அதே குணம், உயிருள்ள வேரை வற்றடித்துவிடும். வெட்டிய நுனியில் மட்டும், ஈர்க்குச்சியால் தொட்டு வைத்தால் போதும். கடையில் வாங்கிய பட்டையை வீட்டு மிக்ஸியில் அரைத்தாலும் இதே தூள்தான்.

பெட்டியில் இல்லாத, ஆனால் இந்த ஊரில் அவசியமான ஒன்று நல்ல தண்ணீர். எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீர் 1,400 பி.பி.எம். காட்டுகிறது. பழைய தொட்டியின் துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்த உப்பும், இலை நுனிகள் கருகியிருந்ததும் அந்த நீரின் கைவரிசை. ஆர்.ஓ. நீருக்கு மாறினேன், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து மொட்டைமாடியில் வாளி வைத்துப் பிடித்த மழைநீர். தொட்டியைப் பத்து நிமிடம் தண்ணீரில் அமிழ்த்தி, பின்பு முழுவதும் வடியவிட்டு, குருத்தில் நீர் தேங்கியிருந்தால் காகிதக் கைத்துண்டின் முனையால் ஒற்றியெடுத்துவிடுவேன். இதைக் காலையில்தான் செய்வது. மாலைக்குள் குருத்து உலர்ந்துவிட வேண்டும்.

சென்னை வெக்கையில் ஆர்க்கிட் எப்படிப் பிழைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் ஆர்க்கிட்டைப் பார்த்துப் பழகியதால் எல்லா ஆர்க்கிட்டும் குளிர்ப்பிரதேசச் செடி என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஃபெலனாப்சிஸ் இனங்கள் பல பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தாழ்நிலக் காடுகளின் வெப்பத்தில், நிழலில், மரத்தில் தொற்றி வளர்பவை. வெயில் நேராகப் படாத வெளிச்சமும் அசையும் காற்றும் இருந்தால் நம் வெப்பத்தை அது தாங்கிவிடும். எனக்குப் பால்கனிக் கம்பியில் கட்டிய ஐம்பது சதவீத நிழல்வலையும், இரவில் குறைந்த வேகத்தில் ஓடும் ஒரு பழைய மேசை விசிறியும் போதுமாக இருந்தன. பூந்தண்டு விடுவதற்குத்தான் சில வாரங்கள் 26 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும். அது இங்கே மார்கழி, தை மாதங்களை ஒட்டித்தான் நிலையாகக் கிடைக்கிறது. பூக்கவில்லையே என்று ஆடி மாதத்தில் மருந்து தேடுவது வீண்.

விலைக் கணக்கையும் பார்த்துவிடலாம். இதே வகைத் தொட்டி தனியாக 120 ரூபாய்க்குக் கிடைத்தது, பட்டையும் கரியும் மட்டும் கலந்த கலவை இரண்டு லிட்டர் 340 ரூபாய், நீர்த்த உரத்துக்கு ஆண்டு முழுவதும் ஐம்பது ரூபாய்கூட ஆகாது, டி.டி.எஸ். மீட்டர் 200 ரூபாய். ஏறத்தாழ 700 ரூபாயில், பெட்டியில் உருப்படியாக இருந்தவற்றையும் அதில் இல்லாத உரத்தையும் மீட்டரையும் சேர்த்தே வாங்கிவிடலாம். உள்ளூரில் எதுவும் கிடைக்காத சிறு ஊரில் இருப்பவர், ஒரே பொட்டலத்தில் எல்லாம் வேண்டும் என்று விரும்பினால் இந்தப் பெட்டியை வாங்கலாம். அப்படி வாங்குபவர் பூஞ்சைக்கொல்லிப் பையைப் பிரிக்காமலும், மட்டைத் துண்டுகளை மூன்று முறை கழுவாமல் பயன்படுத்தாமலும் இருக்க வேண்டும். குருத்தழுகிய செடிக்கோ, இலையில் வளையங்களும் கோடுகளும் விழுந்து வைரஸ் ஐயம் தரும் செடிக்கோ இதை வாங்குவது பணவிரயம். முதல் முறையாக ஆர்க்கிட் வளர்க்கும் சென்னைவாசிகளிடம், ஃபெலனாப்சிஸுக்கு முன் டென்ட்ரோபியம் என்ற வேறு வகை ஆர்க்கிட் ஒன்றை, ஓட்டுச் சில்லும் கரியும் போட்ட மண்தொட்டியில் வளர்த்துப் பழகுங்கள் என்பேன். அது நம் கைத்தவறுகளை இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். இரண்டு தொட்டிக்கு, அரை பட்டைத் துண்டுகளுக்கு.

முப்பது நாளில் எதுவும் நடக்கவில்லை. முதல் புதுவேரின் நுனி, பச்சைப் பயறு அளவில், எழுபத்தெட்டாம் நாள் தெரிந்தது. முதல் புது இலை செப்டம்பரில். ஏப்ரலில் சுருங்கிய பழைய இலைகள் விறைப்பாகிவிட்டன, ஆனால் மடிப்புக் கோடுகள் மறையவில்லை. இனி மறையவும் போவதில்லை. இப்போது டிசம்பர். மூன்று பழைய வேர், ஐந்து புது வேர், நான்கு இலை. போன வாரம் மூன்றாம் இலையின் இடுக்கிலிருந்து பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பூந்தண்டாக இருந்தால் நுனி தட்டையாக, கையுறையின் விரல்போல் ஒருபக்கம் மடிந்திருக்கும். வேராக இருந்தால் நுனி உருண்டு, பளபளப்பாக இருக்கும். நான்கு நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று காலை அதன்மேல் வெள்ளிப் பூச்சு ஏறத் தொடங்கிவிட்டது. வேர்தான்.